மண்ணெண்ணெய்த் தாங்கியும் மணம் பார்க்கும் கொப்பியும்

நிலத்துக்குக் கீழே புதைத்துவைத்த, ஒருநாளும் கண்ணால் காணாத தாங்கிகளைப் பற்றித் தினமும் எழுதிக் கையெழுத்து வைப்பதுதான் என் தொழில். நிலாவெளி வீதியில் ஒரு பெற்றோல் செட்டில் நான்கு வருடமாக இதைச் செய்கிறேன். கொப்பி நிரப்பிச் சோறு தின்னும் சக பாவிகளே, உங்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கோல் விடும் நேரம்

காலையில் பம்பைத் திறக்க முதல் ஒவ்வொரு தாங்கிக்குள்ளும் நீளமான டிப் கோலை விட வேண்டும். எண்ணெய் எதுவரை நனைத்திருக்கிறது, அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். முடிக்கும்வரை யாருக்கும் ஒரு சொட்டு அடிக்க மாட்டோம். வரிசையில் நிற்பவர்களின் பார்வை முதுகில் சுடும்.

ஒருநாள் தம்பலகாமத்துக் கமக்காரர் ஒருவர், நிலாவெளியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க உழவு இயந்திரத்திலேயே வந்திருந்தார். நான் கோலைத் துடைத்து, குனிந்து, எழுதி முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "எங்கட குளத்திலயும் இப்பிடித்தான் கோல் வச்சுத் தண்ணி பாக்கிறனாங்கள், பிள்ளை. ஆனா குளம் கையெழுத்துக் கேக்கிறேல்லை."

ஒன்றுமில்லை என்று எழுதுவது

மண்ணெண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு குழாய் நிலத்துக்குள் இறங்குகிறது. தாங்கி ஒழுகினால் அது முதலில் இந்தக் குழாய்த் தண்ணீரில் தெரியும். கிழமைக்கு ஒருமுறை நூலில் ஒரு போத்தலைக் கட்டி இறக்கி, தண்ணீர் அள்ளி, முகர்ந்து பார்த்து "மணம் இல்லை" என்று எழுதுவேன். போன மாரிவரை அதே இரண்டு சொல்தான்.

செட்டின் முதலாளி கிண்ணியாக்காரர். ஹாஜியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒருநாள் அந்தக் கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்டுமில்ல எண்டு எழுதுறதுக்கு மூணு கொப்பி வாங்கித் தந்திருக்கன், மகள். ஏதாவது இருந்திருந்தா நான் கடையையே வித்திருக்கணும்."

மணம் வந்த நாள்

போன மாரி முடிந்த கையோடு ஒரு திங்கட்கிழமை போத்தலை இழுத்தேன். தண்ணீருக்கு மேல் வானவில் மாதிரிப் படலம். முகர்ந்தேன், மண்ணெண்ணெய். தாங்கி ஒழுகுகிறதென்றால் செட்டை மூடித் தரையைத் தோண்ட வேண்டும். செட்டில் வேலை செய்யும் ஒன்பது பேருக்கும் மாதக்கணக்கில் வேலை இல்லை.

பம்பில் நிற்கும் றிஸ்வான் நானா ஓடி வந்து பார்த்தார். என் பேனையையும் பார்த்தார். நான் "மணம் உண்டு" என்று எழுதி, மேலிடத்துக்குத் தொலைபேசி எடுக்கப் போனேன். என்னைத் தடுக்கவும் ஏலாமல் விடவும் ஏலாமல் அவர் பின்னாலேயே வந்து சொன்னார்: "இந்தக் கிழமைக்கு மட்டும் உங்களுக்குத் தடிமன் புடிச்சு மூக்கடைப்பு எண்டு நெனச்சுக்கங்களேன், தங்கச்சி."

அதிகாரி கண்டது

அடுத்த நாளே மேலிடத்து அதிகாரி வந்துவிட்டார். சிரிக்காத மனிதர். என் டிப் கொப்பியை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தவர் ஒரு மணித்தியாலம் எழும்பவில்லை. பவுசர் லொறி இறக்கிய அளவு, விற்ற அளவு, கோல் காட்டிய அளவு எல்லாவற்றையும் நாள்வாரியாகக் கூட்டிக் கழித்தார். தாங்கியில் குறைவே இல்லை. ஆனாலும் மணம் எங்கிருந்து வந்ததென்று மூன்று நாளுக்குள் காட்டாவிட்டால், சட்டப்படி தோண்டத்தான் வேண்டும் என்றார்.

போக முதல் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்ணெய்ப் படலத்தில் ஏதோ மினுங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன், மீன் செதில். மனிதர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "எல்லாம் ஒழுங்கா எழுதியிருக்கிறீங்கள், பிள்ளை. மீன் இருப்பை மட்டும் விட்டிட்டீங்கள்."

செதிலுக்குச் சொந்தக்காரர்

செதில் மேலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும் என்று இரண்டு விடியற்காலை அந்தக் குழாயடியில் காவல் இருந்தேன். இரண்டாம் நாள், படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வாங்க வழக்கமாக வரும் சல்லிக் கிராமத்துக் கடற்றொழிலாளி செல்வம் அண்ணை வந்தார். கொண்டுவந்த எண்ணெய்க் கானின் அடியில் கிடந்த கலங்கல் எண்ணெயை ஒரு வாளியில் கவிழ்த்தார். கை கழுவிய தண்ணீரையும் அதிலேயே விட்டார். பிறகு நேரே வந்து, குழாயின் மூடியைத் தூக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் உள்ளே ஊற்றினார். உப்புக்காற்றில் இறுகிப்போன பழைய பூட்டை நான் உடைத்து எறிந்ததிலிருந்து அந்த மூடி பூட்டில்லாமல்தான் கிடந்தது.

கோபிக்க வேண்டும் என்றுதான் எழும்பினேன். சந்தோசத்தில் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். தாங்கி ஒழுகவில்லை. றிஸ்வான் நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஹாஜியார் எல்லோருக்கும் தேத்தண்ணி எடுக்கச் சொன்னார். செல்வம் அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவரில் நான் ஒட்டிய அறிவித்தலைக் காட்டிச் சொன்னார்: "எண்ணெய்த் தண்ணியைக் கடலில ஊத்த வேண்டாமெண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள், தங்கச்சி. அதான் மூடி போட்ட இடமாப் பாத்து ஊத்தினனான்."

குழாயைக் கழுவி, புதுப் பித்தளைப் பூட்டுப் போட்டு, மூன்று முறை தண்ணீர் அள்ளிக் காட்டியபின் அதிகாரி கையெழுத்து வைத்தார். ஒரு நாள்கூடக் கொப்பியைத் தவறவிடாமல் ஒன்பது பேரின் வேலையைக் காப்பாற்றிய எனக்கு நேரே அவர் அறிக்கையில் இருப்பது, "பூட்டு வாங்கத் தவறியவர்" என்ற ஒரேயொரு வரிதான், பாவிகளே.