பெருங்காய டப்பாவில் கோதுமை

மார்ச் 14ஆம் தேதி முதல் நான் கோதுமையைத் தொடவில்லை. எனக்குச் செலியாக் நோய். கோதுமை சிறிது சேர்ந்தாலும் குடல் பழுதாகும் என்றார் மருத்துவர். ஆயினும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. காரணம் புரியாமலே இருந்தேன்.

இன்று உத்திரமேரூர்ப் பேருந்து நிலைய ஓட்டல் ஒன்றில், கோதுமை கலவாத உணவு கேட்டேன்.

"சுகரா பெர்சு? சப்பாத்தி கீது, எண்ணெ இல்லாம தரேன்" என்றார் முதலாளி.

"அந்தச் சப்பாத்திதான் ஐயா எனக்கு ஆகாது."

"இன்னா பெர்சு, ஊரே சுகருக்குச் சப்பாத்தி துன்னுது! செரி, இட்லி சாம்பார் துன்னு. அரிசிதான், பயப்படாத."

சாம்பாரில் போட்ட பெருங்காயத்தின் டப்பாவைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அதில் கோதுமை மாவு! என் வீட்டிலும் அதே டப்பாதான்.

சாம்பாரை ஒதுக்கிவிட்டு, இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டேன்.

"சுகருக்கே சக்கரையா?" என்று அவர் திகைத்தார்.

அவரைவிட எனக்குத்தான் குழப்பம். பெருங்காயத்துக்குள் கோதுமைக்கு என்ன வேலை? உங்கள் வீட்டு டப்பாவையும் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.