மஞ்சள் நரம்பு

என் வீட்டுக்காரிக்குக் கழுத்தில் கழலை. சோறு விழுங்கவே முடியாமல் போன பிறகுதான் கொஸ்லந்தையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆபரேஷன் என்றார்கள். குரல் போய்விடுமோ என்று அவளுக்கு ஒரே பயம். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்.

டொக்டர் ஐயா சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். வழவழப்பான ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். தோலை உரித்த கழுத்து. சிவப்பில் ஒரு குழாய், நீலத்தில் ஒன்று, கழலைக்குப் பின்னால் மஞ்சளாக மெல்லிய நரம்பு.

"இதுதான் குரல். இதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க, கையெழுத்துப் போடுறேன்."

"பளிச்சுனு மஞ்சளா இருக்கே புள்ள. யாரு கண்ணுக்கும் தப்பாது."

போட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த டொக்டரிடம், "அந்த மஞ்சள் நரம்பு, ஐயா..." என்று இழுத்தேன்.

"மஞ்சள் புத்தகத்தில மட்டும். நாங்க படிக்க நிறம் போட்டு அச்சடிச்சது. முந்தி காலத்துப் புத்தகத்தில கறுப்புக் கோடுதான். உள்ளே வெள்ளை, நூல் மாதிரி. ரத்தம் பட்டா எல்லாம் ஒரே நிறம்."

"அப்ப எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

"மெதுவா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு மூடிக்கொண்டது. வெளியே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். கலண்டரில் கண்ணனுக்கு நீலம் அடிக்கிறார்கள், நாம் அடையாளம் கண்டு கும்பிட. இதுவும் அப்படித்தான் போலிருக்கிறது. அது தெரியாமல் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். என் பேச்சை நம்பிப் போட்ட கையெழுத்து. கதிர்காமத்தையா, அந்த வெள்ளை நூலை டொக்டர் கண்ணுக்குக் காட்டு என்று, வேறு எதுவும் கேட்காமல், அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பின்னேரம் வார்டுக்குள் விட்டார்கள். கழுத்தில் கட்டு. கண் விழித்திருந்தாள். பேசச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அப்படியே நின்றேன்.

"என்னா... பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

கரகரப்புத்தான். ஆனால் அவள் குரல்.

"அது மஞ்சள் இல்லையாம் புள்ள," என்றேன். "வெள்ளையாம். நீ உள்ள போனப்புறந்தான் தெரிஞ்சது."

முறைத்தாள். "அடப்பாவி மனுசா! தெரியாமத்தான் அவ்வளவு தைரியமா சொன்னீங்களா?"

"திட்டு புள்ள," என்றேன். "இன்னும் ரெண்டு வார்த்தை திட்டு."