பினாயிலில் கழுவிய வேர்கள்

ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் தரை துடைத்தவளை எல்லோரும் பினாயில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. அவள் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தைத்தான் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடியில் போன எண்ணெய்க் குழாய் வெடித்து மண் கறுத்துப்போயிருந்தது. மழை பெய்தால் அடுப்படிவரை டீசல் நாறும். அதிகாரிகள் இரண்டு வழி சொன்னார்கள். வீட்டை இடித்து மண்ணைத் தோண்டி அள்ளுவது, இல்லையென்றால் மரக்கன்று நட்டுப் பார்ப்பது. கன்றின் வேரில் ஒரு பூஞ்சை ஒட்டி வாழுமாம். அது மண்ணுக்குள் நூல் நூலாகப் பரவி, வேரோடு சேர்ந்து எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்குமாம். இரண்டு வருஷத்தில் எண்ணெய் பாதியானால் வீடு தப்பும்.

கன்றுகள் வந்த அன்று அவளுக்குப் பகல் வேலை. மண் பரிசோதிக்கும் பெண் சொன்னதையெல்லாம் பம்ப் மெக்கானிக்கான அவள் கணவன்தான் கேட்டுக்கொண்டான். சாயங்காலம் அவள் திரும்பியபோது அவன் கடைக்குப் போயிருந்தான். சாக்கைப் பிரித்தாள். வேரெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். அதிகாரிகள் சொன்ன பூஞ்சை இதுதான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வார்டில் ஒரு மூலையில் பூசணம் தெரிந்தாலே தலைமை நர்ஸ் பிடிபிடியென்று பிடித்துவிடுவாள். வாளியில் பினாயில் கலந்தாள். இருநூறு கன்றையும், குழந்தைக்குத் தலை அலசுவதுபோல, ஒவ்வொன்றாக அலசி வைத்தாள்.

கணவன் வந்து பார்த்தான். "என்னடி, கன்னுக்கெல்லாம் கல்யாணமா? குளிப்பாட்டி உக்கார வச்சிருக்க."

வேரைத் தொடக்கூடாது என்று அந்தப் பெண் சொன்னது அவனுக்கு நினைவே வரவில்லை. இருவரும் சேர்ந்து நட்டார்கள்.

இரண்டு வருஷம் தண்ணீர் சுமந்தார்கள். கன்றுகள் முழங்கால் உயரத்தில் நின்று மஞ்சளாகிக் கருகின. கெடு முடிந்த அன்று மண் பரிசோதிக்கும் பெண் வந்தாள். எண்ணெய் குறையவேயில்லை. ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"அக்கா, வேர்ல வெள்ளையா நூல் மாதிரி இருந்திருக்குமே?"

"அழுக்கா இருந்துச்சும்மா. பினாயில் போட்டுக் கழுவினேன்."

அந்தப் பெண் கையிலிருந்த கன்றைக் கீழே வைத்தாள். கணவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க சொன்னீங்கம்மா. நான்தான் மறந்துட்டேன்."

"மறுபடி நட்டா?" என்று கேட்டாள் அவள்.

"இன்னும் ரெண்டு வருஷம் வேணும்க்கா. அதிகாரிங்க அவ்வளவு நாள் தரமாட்டாங்க."

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரே ஒரு கன்று மட்டும் ஆள் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது. அன்று அவள் கண்ணில் படாமல் சாக்கின் அடியிலேயே கிடந்து, மறுநாள் கணவன் கழுவாமல் நட்ட கன்று. அதைப் பார்க்கத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கருகியவற்றைப் பார்க்கும்போதுகூட இப்படி இல்லை.

மண் அள்ளும் இயந்திரம் வந்த காலையில் அவள் அந்தப் பெண்ணிடம் போய் நின்றாள்.

"அது ஒண்ண மட்டும் நான் எடுத்துட்டுப் போகட்டுமா?"

"இந்த மண்ணு வெளிய போகக்கூடாதுக்கா. வேர்ல ஒட்டியிருக்குமே."

"நல்லாக் கழுவிட்டு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே வாயை மூடிக்கொண்டாள்.