பூசணிக்கு மாப்பிள்ளை கேட்டுப் போனவர்

குவா ஊரில் எர்மத்தைத் தெரியாதவர் கிடையாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவர். தன் கையால் செங்கல் அறுத்து, தன் கையால் சுவர் எழுப்பி, அந்தச் சுவரைக் காட்டிக் காட்டியே ஊரை அசரடித்தவர். படித்தவன் எவனாவது அப்படியொரு கோணலில்லாத சுவரைக் கட்டியதுண்டா?

அந்த வருஷம் அவர் முதன்முதலாகப் பூசணி போட்டார். கொடி படர்ந்து பூத்தது. சில பூக்களுக்கு அடியில் கோலிக்குண்டு போலப் பிஞ்சு. மற்றவற்றுக்கு வெறும் காம்பு.

"உழைக்காத பயலுக்கு என் தோட்டத்துல சோறு கிடையாது!"

பிஞ்சில்லாததை எல்லாம் மொட்டோடு கிள்ளி எறிந்தார். தேநீர்க்கடையில் போய் மார்தட்டினார். "வண்டிச்சக்கரம் மாதிரி காய்க்கும். ஒண்ணுகூடக் காய்க்கலேன்னா இந்த மீசையை எடுத்துடறேன்."

முப்பது வருஷத்து மீசை.

பிஞ்செல்லாம் மஞ்சளடித்து உதிர்ந்தன. பிஞ்சோடு ஒரே ஒரு மொட்டுதான் மிச்சம். அது விரிந்த காலையில், அடுத்த வீட்டு ஒய்னிசா சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தாள்.

"அண்ணே, நீங்க கிள்ளிப் போட்டதெல்லாம் மாப்பிள்ளைங்க! அதுங்க நடுத்தண்டுல இருக்கிற மஞ்சத்தூள், பொண்ணுப்பூவோட பிசுபிசுத்த வாயில ஒட்டினாத்தான் பிஞ்சு தங்கும், உள்ள விதை பிடிக்கும். இதழு சும்மா தேனீயைக் கூப்பிடற பந்தல். இந்த மழைக்கு அதுவும் வரல. நான் என் கொடிக்குக் கையாலதான் தொட்டு வைக்கிறேன்."

"ஒரு ஆண்பூ குடு தாயி."

"சும்மாவா? புள்ளையப் பெத்தவ நான். முறையா வந்து கேளுங்க."

எர்மத் தொப்பியைத் தட்டிப் போட்டு, ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். பெண்வீட்டார் மாப்பிள்ளை கேட்டுப் போனதாக அந்த ஊரில் கதைகூடக் கிடையாது. வந்த காரியத்தை முதல் கோப்பைத் தேநீரிலேயே சொல்லவும் கூடாது.

"ஆடெல்லாம் சுகமா?"

"சுகம்."

"உங்க பக்கம் மழை எப்படி?"

"ஒரே சுவருதானே தாயி! இங்க பேஞ்சதுதான் அங்கயும்."

வெயில் ஏறியது. பத்து மணிக்குள் பூ வாயை மூடிவிடும். மூடினால் மறுபடி திறக்காது. எர்மத்தின் கை மீசையை விட்டு இறங்கவேயில்லை.

"பொண்ணு அடக்கமானவளா?"

"வாசல் தாண்டினதில்ல!" என்று அலறினார். "வேர் விட்டிருக்கா!"

ஒருவழியாக, சம்மதத்துக்கு அடையாளமாக ரொட்டியைப் பிட்டார்கள். ஆண்பூ கைக்கு வந்ததும் எர்மத் செருப்பை மறந்து ஓடினார். பெண்பூ சுருங்கத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளையின் இதழ்களை உரித்தெறிந்து, தண்டை உள்ளே விட்டு, மூச்சடக்கித் தடவினார்.

பிஞ்சு தங்கியது. பருத்தது. பனிக்கு முன்னால் இரண்டு ஆள் தூக்கும் காயாகிவிட்டது. தேநீர்க்கடையே வந்து பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் வாசலில் ஆளுயரத்துக்கு மேல் நீண்ட கல்யாணக் குழல் முழங்கியது. சொந்தபந்தம், கைவண்டி சகிதம் ஒய்னிசா.

"சம்பந்தி, கட்டிக்குடுத்த பொண்ணு அப்பன் வீட்டுலயேவா இருப்பா?"

முறை முறைதானே. எர்மத் தானே ஒரு பக்கம் பிடித்துக் காயை வண்டியில் ஏற்றினார். உதடு துடித்ததை மீசை மறைத்தது.

ஒரு வாரம் கழித்து ஒய்னிசா ஒரு கிண்ணம் நிறைய விதை அனுப்பினாள், கழுவிக் காயவைத்து. "பேரப்பிள்ளைங்க. தாத்தா வீட்டுல வளரட்டும்."

எர்மத் கிண்ணத்தோடு நேரே தேநீர்க்கடைக்குப் போனார்.

"எனக்கு ஒரே பொண்ணு. பேரப்பிள்ளைங்க ஒரு கிண்ணம். உங்கள்ல எவனுக்குடா இருக்கு?"