நான் முந்தின மாலையே எழுதி வைத்த வரி

பெரிய வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிஷம். ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கின் கிணற்றுக்குள் என்னிடம் வேலை செய்த முனுசாமி நினைவு தப்பிக் கிடந்தான். அவனை உள்ளே இறக்கியது என் கையெழுத்து. அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், அந்தக் கையெழுத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு நன்றி மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது.

நான் வேலூரில் பிறந்தவன். இருபத்திரண்டாம் வயதில் பர்மாவுக்குக் கப்பல் ஏறினேன். அங்கே எண்ணெய்க் கிணறு துளைக்கும் இடத்தில் பதினேழு வருஷம் வேலை செய்தேன். கயிறு பிடிக்கும் கூலியாகச் சேர்ந்து டிரில்லராக உயர்ந்தேன். பூமிக்குள்ளிருந்து வரும் காற்றை அங்கே பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதும் தவறு, அதற்கு நிறம் கிடையாது. கையால் தோண்டின பழைய எண்ணெய்க் கிணறுகளில் இறங்கும் பர்மாக்காரரை ஒரு நிமிஷம் ஆவதற்குள் மேலே இழுத்துவிடுவார்கள். பிந்தினால் பிணம்தான் வரும். இரண்டு பிணங்களை நானே கயிற்றிலிருந்து அவிழ்த்திருக்கிறேன். ஆகையால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

ஊர் திரும்பினபின் ஆம்பூர்த் தோல் கிடங்கு முதலாளி ஒருவர் என்னை அழைத்தார். ஊரார் அவரை ஹாஜியார் என்பார்கள். கோடையில் அவர் கிணறு வற்றிவிட்டது. முப்பத்தெட்டு அடி வெட்டின கிணறு. அதன் அடியில் இரும்புக் குழாய் இறக்கி இன்னும் ஆழத்தில் தண்ணீர் தேட வேண்டும். தினமும் ஒருவன் அடியில் இறங்கிச் சேற்றை வாரிப் போட வேண்டும். அந்த ஆள் முனுசாமி. நாட்றம்பள்ளிப் பக்கத்து ஆள், முப்பது வயது, மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அவன் மைத்துனன் ஏழுமலை மேலே கயிறு இழுப்பான்.

எண்ணெய் வயலில் நெருப்பு ஆகாது. தண்ணீர்க் கிணற்றில் விளக்குதான் சோதனை. காலையில் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி அடி வரைக்கும் இறக்குவேன். எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் இறங்கக் கூடாது. அதை ஒரு புத்தகத்தில் எழுதுவேன். நாள், நேரம், ஆழம், மண்ணின் நிறம், விளக்கு என்று ஐந்து கட்டங்கள்.

நான் சும்மா இருக்கத் தெரியாதவன். உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் கடிகாரத்தைப் பார்ப்பேன். அந்தப் பரபரப்பில் அடுத்த நாள் கட்டங்களை முந்தின மாலையே கோடு போட்டு வைப்பேன். பிறகு ‘நாள்’ கட்டத்தையும் முன்னதாகவே நிரப்பி வைத்தேன். இருபத்தாறு நாளும் விளக்கு எரிந்திருந்தது. இருபத்தேழாம் நாளுக்கு மட்டும் வேறு என்ன எழுதப் போகிறேன்? திங்கட்கிழமை மாலை, செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் “விளக்கு எரிந்தது” என்று எழுதி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் அரை நிமிஷம் மிச்சம் ஆகும் என்று நினைத்தேன். புத்தகத்தைக் கிணற்றடிப் பெட்டியின்மேல் வைத்திருந்தேன்.

அதே திங்கட்கிழமை குழாய் பாறையில் ஒரு வெடிப்பைத் தொட்டிருந்தது. அதன் வழியாகக் கெட்ட காற்று ஊறி விடிவதற்குள் அடியில் தேங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கொல்லன் பட்டறையில் துளைமுனையைக் கூர் பார்க்க நின்றதில் எனக்கு இருபது நிமிஷம் தாமதம். நான் வந்து சேர்ந்தபோது கிணற்றைச் சுற்றி ஆட்கள். குனிந்து பார்த்தேன். அடியிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில் குறுக்கே போட்ட பலகைமேல் முனுசாமி குப்புறக் கிடந்தான். நெஞ்சு அடைத்ததும் மேலே ஏற முயன்று அதுவரை வந்திருக்கிறான். ஒரு கை கீழே தொங்கியது.

ஏழுமலை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

“மயக்கம்தான் பர்மா ஐயா. ராத்திரி சரியாத் துன்னல. நான் இறங்கித் தூக்கியாறேன்.”

“நில்லு,” என்றேன்.

“இன்னாத்துக்கு நிக்கணும்? காத்து நல்லாத்தான் இருக்குது. புக்குல போட்டிருக்கீங்களே, விளக்கு எரிஞ்சுதுன்னு. அத்தப் படிச்சிட்டுத்தானே எங்க மாமன் இறங்குனாரு.”

அந்த நிமிஷத்தை நான் எப்படி எழுதுவேன்? ஜெபிக்கப் பார்த்தேன். வரவில்லை. முப்பது வருஷம் காலையும் மாலையும் ஜெபித்தவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. புத்தகம் என் கண் முன்னே திறந்து கிடந்தது. அது பொய் என்று எனக்கு மாத்திரம் தெரியும். நான் வாயைத் திறக்காவிட்டால் இரண்டாவது ஆளும் அந்தப் பொய்யை நம்பி இறங்குவான். திறந்தால் ஊரில் என் பெயர் போய்விடும். இந்தக் கணக்கையும் அந்த நேரத்தில் என் மனம் போட்டது. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

“ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும்,” என்று மாத்திரம் உள்ளே கேட்டேன். இவ்வளவுதான் என் ஜெபம்.

வாய் திறந்தது. “ஏழுமலை, இறங்காதே. அது பொய். நேற்று சாயங்காலமே எழுதினேன். இன்றைக்கு விளக்கு இறக்கவே இல்லை.”

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு முன்னால் நிற்கிறது. அவன் கை கயிற்றை விட்டுவிட்டது.

விளக்கை இறக்கினேன். பலகைக்கு அருகில் சுடர் சுருங்கியது. ஒரு முழம் கீழே போனதும் அணைந்தது. அவன் மூக்குக்கும் சாவுக்கும் ஒரு முழம். காற்றை எப்படி வெளியே எடுப்பது? பர்மாவில் காற்று அடிக்கும் பம்பு உண்டு. இங்கே ஒன்றும் இல்லை. விளக்குக் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

அப்போது தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்யும் காதர் பாய் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அறுபது வயது இருக்கும். தோளில் பதப்படுத்தின முழு எருமைத்தோல் ஒன்று.

“இன்னா அப்படியே நிக்கிறீங்க? நம்ம பழைய தொட்டியெல்லாம் பெருநாள் லீவு கழிச்சுத் தொறந்தா இதே பேஜார்தான். தோலை வுட்டு வுட்டு இழுத்தா காத்து மேல வந்துடும். நாலு மூலையும் கட்டு, ஜல்தி.”

எனக்குத் தெரியாத முறை. பதினேழு வருஷ டிரில்லருக்குத் தெரியாததைத் தொட்டியில் நிற்கிற மனிதர் அறிந்திருந்தார். நான்கு மூலையிலும் கயிறு கட்டி, விரித்த குடையைத் தலைகீழாக இறக்குவதுபோல் முனுசாமிக்குப் பக்கத்தில் அடிவரை இறக்கினோம். ஆறு பேர் ஒரே மூச்சில் மேலே இழுத்தோம். மறுபடி இறக்கினோம், மறுபடி இழுத்தோம். முகத்தில் அழுகின வாடை அடித்தது.

“வருது பாரு, சைத்தான் மேல வருது,” என்றார் காதர் பாய். “வுடாதே, இன்னும் இழு.”

முதல் தடவை விளக்கு பலகைக்குக் கீழே அணைந்தது. இரண்டாம் தடவை இன்னும் ஆறு அடி இறங்கி அணைந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் “ஆண்டவரே” என்றேன். பக்கத்தில் அவர் “யா அல்லா” என்றார். ஏழுமலை முருகனைக் கூப்பிட்டான். மூன்றாம் தடவை விளக்கு அடிவரை போய் எரிந்துகொண்டே இருந்தது.

நான் இறங்கினேன். ஏழுமலை தடுத்தான். இது என் முறை என்றேன். முனுசாமியின் அக்குளில் கயிறு போட்டு அனுப்பினேன். மேலே வந்ததும் அவனைக் குப்புறப் படுக்கவைத்து, பர்மாவில் துரைமார் கற்றுக்கொடுத்தபடி முதுகை அழுத்தி அழுத்தி விட்டேன். எட்டு மணி இருபத்தொரு நிமிஷத்துக்கு ஒரு இருமல் வந்தது. நூலாக ஓடிக்கொண்டிருந்த மூச்சு நன்றாக வந்தது. கண் திறக்கவில்லை.

ரயிலில் காட்பாடி, அங்கிருந்து வண்டியில் வேலூர் ஆஸ்பத்திரி. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவன் விழிக்கவில்லை. நான் வராந்தாவில் உட்காரவும் இல்லை, படுக்கவும் இல்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நாற்பத்தொரு அடி. எத்தனை தடவை நடந்தேன் என்று எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது என் வாழ்நாளில் அதுவே முதல். “பிழைத்தால்தான் உம்மை நம்புவேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவனைக் கொடும்,” என்று மாத்திரம் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏழுமலை சுவரோரம் உட்கார்ந்திருந்தான். நான் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புதன்கிழமை சாயங்காலம் பாதி டீயை என் பக்கம் நகர்த்தினான்.

வியாழக்கிழமை காலை முனுசாமி கண் திறந்தான். மைத்துனனைப் பார்த்தான், பிறகு என்னை.

“இன்னா பர்மா ஐயா, தாடி வுட்டுட்டீங்க? தண்ணி வந்துச்சா?”

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடிந்ததும் நடந்ததையெல்லாம் அவனிடம் ஒப்புக்கொண்டேன். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டான்.

“இனிமே நான் கிட்ட நின்னு பார்க்கச் சொல்ல விளக்கை இறக்குங்க,” என்றான். “அது போதும்.”

ஹாஜியாரிடமும் சொன்னேன். என்னை அனுப்பிவிடுவார் என்று இருந்தேன். அவர் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அந்த வரியைப் பார்த்து, “இத்தக் கிழிக்காதீங்க,” என்று திருப்பிக் கொடுத்தார். கிழிக்கவில்லை. அதன்மேல் ஒரு கோடு போட்டு, கீழே “பொய்” என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மூன்று வாரம் கழித்து முனுசாமி இறங்கின அதே இடத்தில் தண்ணீர் வந்தது. அதையும் ஆண்டவர் தந்தார். ஆனால் நான் சாட்சி சொல்லுவது தண்ணீருக்காக அல்ல.

சகோதரரே, சகோதரிகளே, ஒரு மனிதனுடைய மூச்சைத் தரும்படி நான் கேட்டேன். அதைத் தருவதற்கு முன்னே அவர் என் வாயைத் திறந்தார். பிறகு நான் அறியாத முறையைக் காதர் பாயின் தோளில் வைத்து அனுப்பினார். உங்களில் யாராவது சொல்ல முடியாத ஒன்றைச் சுமந்துகொண்டு ஜெபிக்க முடியாமல் நிற்கிறீர்களானால், எனக்கு வந்த அந்தச் சின்ன ஜெபத்தையே கேட்டுப் பாருங்கள். நீளமாக வேண்டியதில்லை.

எந்தக் கிணற்றில் வேலை என்றாலும் இன்றைக்கும் மாலையில் கோடு போடுகிறேன். அந்தப் பழக்கம் போகவில்லை. ஐந்து கட்டங்களையும் வெறுமையாக விட்டுப் பேனாவை மூடிவிடுகிறேன். காலையில் முனுசாமி கிணற்றோரம் வந்து நின்றபின்தான் விளக்கை ஏற்றுகிறேன். இருவரும் குனிந்து, அது அடியில் எரிவதைப் பார்க்கிறோம். அதன்பின் எழுதுகிறேன்.