இரண்டு எட்டுகளைக் கவிழ்த்தேன்

1. மோகனூரிலிருந்து ஞாயிறன்று என்னைப் பெண் பார்க்க வருவதாக முடிவானது. வேண்டாம் என்றேன்.
2. போக்கரில் நான் ஜெயித்தால் அப்பாவிடம் பேசி நிறுத்துவதாக அண்ணன் சொன்னான்.
3. கடைசி ஆட்டத்தில் எனக்கு இரண்டு எட்டுகள் வந்தன. இருவருக்கும் பொதுவாக நடுவில் விரித்த சீட்டுகளில் ஒரு ராஜா; அண்ணன் கையில் இன்னொரு ராஜா இருந்தால் என் எட்டுகள் தோற்கும்.
4. அண்ணன் வழக்கம்போல் பந்தயப் புளியங்கொட்டைகளை ஏற்றினான். நான் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

அவன் தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினான். உதவாத மூன்றும் ஆறும்.

“ஏஞ்சாமி, கையில ஒண்ணுமில்லாமயே ஏத்துறவன்னு என்னையத் தெரியாதா உனக்கு?”

“தெரியுங்கண்ணா.”

“அப்புறமென்ன, ராஜாவப் பாத்துப் பயந்துட்டியாக்கும்!”

பொறியாளரான எனக்குக் கணக்கும் தெரியும். ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்று வரம்புள்ள ஆட்டத்தில், இப்படி மிரட்டுகிறவனிடம் இரண்டு எட்டுகளைக் கடைசிவரை விடக் கூடாது. பிறகு ஏன் விட்டேன்? பயமா, அவர்கள் வரட்டும் என்ற ஆசையா? இன்னும் புரியவில்லை.

ஞாயிறன்று வருகிறார்கள். பச்சைச் சேலையை நானே தேய்த்து வைத்திருக்கிறேன்.