பொற்கொடி அக்காவும் அழிந்துபோன ஆறு எண்களும்

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்ன பம்பு கம்பெனி. அங்கே தயாராகும் பம்புகளைச் சோதித்துப் பார்க்கும் மேடையில் பதினோரு வருஷமாக இருக்கிறார் பொற்கொடி அக்கா. படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனைமலைப் பக்கம் எங்கள் தெருக்காரர், கல்யாணமாகி இங்கே வந்தவர். மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றத்தான் வேலைக்குச் சேர்ந்தார். சோதனை மேடையில் இருந்தவர் திடீரென்று நின்றுவிட, "நாளைக்கு ஆள் வர்ற வரைக்கும் நீங்க பாத்துக்குங்கம்மணி" என்று அவரை உட்கார வைத்தார்கள். அந்த நாளை இன்னும் வரவில்லை.

மேடையை நடத்துவது 2001-இல் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர். யாரோ ஒரு இன்ஜினியர் அதில் விண்டோஸுக்குப் பதிலாக அந்தக் காலத்து லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. பம்பு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுகிறது, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மூன்று சென்சார்கள் அதற்குச் சொல்லும். தட்டவேண்டிய கட்டளைகளை எல்லாம் அக்கா ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தார். 'எல் எஸ்: உள்ளே என்ன இருக்குதுன்னு பாக்க. சி பி: நகல் எடுக்க. ஆர் எம்: அழிச்சுப்போடும், தொடாதே.'

நான் அன்புமணி. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரிச் சான்றிதழை அம்மா லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருக்கிறார். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. சரவணம்பட்டியில் மென்பொருள் கம்பெனியில் வேலை. அதனால் போன ஆடி மாதம் அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்ததும் அக்கா என்னைத்தான் கூப்பிட்டார்.

சத்தத்தைவிட அவரைப் பயமுறுத்தியது முதலாளி கிருபாசங்கர் சொன்ன பேச்சு. ஒரு பெரிய ஆர்டருக்காக இரண்டு வாரத்தில் தரம் பார்க்கும் அதிகாரி வரப்போகிறார். அதற்குள் கம்ப்யூட்டர் நின்றுபோனால் புது மெஷின்தான் என்றார் கிருபாசங்கர்.

"மெஷின் குடுக்கறவங்களே அதை ஓட்ட ஒரு டிப்ளமா ஆளையும் அனுப்பறாங்களாமுங்க. நீங்க பழையபடி காயிலுக்கே போயிருங்க. நெழல்ல உக்காந்த வேலை, ரோதனை இல்லை பாருங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அன்பாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புதிய லினக்ஸைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஜம்பமாகப் போனேன். அந்த மெஷினுக்குப் பென்டிரைவ் என்றால் என்னவென்றே தெரியவில்லை. சிடியில் எழுதிப் போட்டால் நினைவகம் போதாது என்றது. போதுமானதாக இருந்தாலும் பயனில்லை, கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு சென்சார்களோடு பேசும் பழைய கார்டைப் புதிய லினக்ஸ் மறந்தே போயிருந்தது. கல்லூரியில் படித்த எதுவும் அன்று கைகொடுக்கவில்லை. கடைசியில், புதுசுக்கு மாற்றும் ஆசையை விட்டுவிட்டு, அதே பழைய லினக்ஸை வேறு டிஸ்கில் போடுவது என்று முடிவு செய்தோம். பழைய சிடி அலமாரியில் இருந்தது. கார்டுக்கான புரோகிராமும் ஒரு பிளாப்பியில் பத்திரமாக இருந்தது. காந்திபுரத்தில் தேடி அந்த வகை டிஸ்க் ஒன்றைப் பிடித்து, பழையதன் பக்கத்திலேயே மாட்டிவிட்டு வந்தேன்.

"பேர் கேக்கும், ரூட்டுன்னு குடுத்து உள்ள போங்க்கா" என்று போகும்போது சொன்னேன்.

"எந்த ரூட்டுங்க தம்பி? மேட்டுப்பாளையம் ரூட்டா, பொள்ளாச்சி ரூட்டா?"

"மரத்துக்கு இருக்கிற வேருங்க்கா."

"வேர்லயே கை வெக்கச் சொல்றீங்க. பட்டுப்போயிறாதுங்களா?"

சிரித்தேன். மீதியைப் போனிலேயே சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் நான் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டார். சிடியைப் போட்டு ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு திரையிலும் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தார். நான் "செரிங்க, செரிங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

"ரெண்டு டிஸ்கு காட்டுதுங்க தம்பி. ஏ-ன்னு ஒண்ணு, பி-ன்னு ஒண்ணு."

"செரிங்க."

"ஏ-வைத் தேர்ந்தெடுத்தா எல்லாத்தையும் அழிச்சுப்போடுவேங்குது. போட்றதுங்களா?"

கண்டக்டர் விசிலடித்தார். பாதி காதில் விழுந்தது. "செரிங்க..." என்றேன், மேலே சொல்லுங்கள் என்ற அர்த்தத்தில்.

போனில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா கேட்டார்: "ஏனுங் தம்பி, புது டிஸ்குக்குத்தானே போடறோம்? பழசு எதுக்குங்க டிக் டிக்குன்னு சத்தம் போடுது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏ என்பது பழைய டிஸ்க். லினக்ஸ் ஏறிக்கொண்டிருந்தது அதன் மேல்தான்.

"அக்கா, ஏ-வையா அமுக்குனீங்க?"

"நீங்கதானுங்களே செரின்னீங்க!"

"அது கேட்டுட்டு இருக்கேன்னு சொன்ன செரிங்க்கா."

"போட்றதுங்களான்னு கேக்கறேன், செரிங்கறீங்க. அதுக்கு வேற என்ன அர்த்தமுங்க?"

எங்கள் பக்கம் ஒருத்தர் பேசும்போது சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் மரியாதைக் குறைவு. அதற்காகப் போடும் செரியும், ஒத்துக்கொண்டு சொல்லும் செரியும் ஒரே செரிதான். முகத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். போனில் முகம் ஏது?

அழிந்தது பெரிய கோப்பு இல்லை. ஆறே ஆறு எண்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் இரண்டு எண். சென்சார் சொல்வதை லிட்டராகவும் மீட்டராகவும் ஆம்பியராகவும் மாற்றுவது அந்த எண்கள்தான். அவை இல்லாமல் மெஷின் ஓடும், ஆனால் சொல்வதெல்லாம் பொய்யாக இருக்கும். எங்கேயும் குறித்து வைக்கப்படாத எண்கள் அவை. முதலில் நகல் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கிருபாசங்கர் மேடைக்கே வந்துவிட்டார்.

"ஆரு அழிச்சது?"

"நாந்தானுங்க," என்றார் அக்கா. நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் எனக்கு நேரம் இருந்தது.

"நீங்க போன்ல சொல்லிட்டுத்தானே இருந்தீங்க தம்பி?" என்று கிருபாசங்கர் என் பக்கம் திரும்பினார்.

"பஸ்ஸுல சரியா கேக்கலீங்க," என்றேன். அது பொய்யில்லை. அதுதான் அதில் இருந்த அசிங்கம்.

அவர் போனதும் அக்கா என்னைத் திட்டவில்லை. "உங்களுக்கு ஆபீசு இருக்கும், போங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் போகவில்லை.

முதலில் பி டிஸ்கில் லினக்ஸைப் போட்டு, அதை ஏ-வின் இடத்துக்கு மாற்றினோம். திரையில் இரண்டு எழுத்து வந்து அப்படியே நின்றது.

"எல், ஐ-ன்னு நிக்குதுங்க. எல்.ஐ.சி-ல சி-யைக் காணோம்," என்றார் அக்கா.

பழைய லினக்ஸுக்கு இது ஒரு குணம். எழுந்திருக்கத் தேவையான கோப்புகள் டிஸ்கின் முன்பகுதியிலேயே இருக்க வேண்டும். பெரிய டிஸ்கில் அவை எங்கோ பின்னால் போய்விட்டால் அதற்குக் கை எட்டாது. முன்னால் சின்னதாக ஒரு பகுதி ஒதுக்கி மறுபடி போட வேண்டும். அக்கா போட்டார். ஒரு இடத்தில் தவறியது. அழித்துவிட்டு மறுபடி போட்டார். ஐந்தாவது தடவை நோட்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் எழுந்தது. பிளாப்பியில் இருந்த புரோகிராமை ஏற்றினோம், சென்சார்களும் பேசின. எண்கள்தான் இல்லை.

"கார்டு செஞ்சவங்களைக் கண்டுபிடிச்சு எழுதிக் கேக்கணும்க்கா," என்றேன்.

"எதுக்குங்க? தொட்டி இருக்குது, வாட்ச் இருக்குது."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். மெஷின் சொல்வது சரிதானா என்ற சந்தேகத்தில் மாதாமாதம் ஐந்நூறு லிட்டர் தொட்டியில் தண்ணீர் ரொப்பி, எத்தனை செகண்டு ஆகிறது என்று பார்ப்பாராம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இப்போது அதையே திருப்பிச் செய்யலாம் என்றார். தண்ணீர் ஓடாதபோது சென்சார் காட்டுவது முதல் எண். ஓடும்போது காட்டுவதிலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தை எதால் பெருக்கினால் தொட்டிக் கணக்கு வருகிறதோ, அது இரண்டாவது எண்.

மூன்று நாள் அதுவே வேலை. பம்புகளை மேடையில் ஏற்றி மாட்டும் பிட்டர் திருமூர்த்தி வாட்சைப் பிடித்துக்கொண்டு "நெறைஞ்சுதுங்கோ!" என்று கத்துவார். வால்வைக் கொஞ்சம் மூடி மறுபடி, இன்னும் மூடி மறுபடி. அழுத்தத்துக்கு முள் வைத்த நல்ல கேஜ் ஒன்று, மின்சாரத்துக்குக் கம்பியைக் கவ்வி அளக்கும் எலக்ட்ரீசியனின் கிளாம்ப் மீட்டர். சராசரி போடுவது மட்டும் என் வேலை. வாய்விட்டுச் செய்த கூட்டலில் அக்கா என்னை இரண்டு முறை திருத்தினார்.

"பி.ஈ.யில கூட்டலெல்லாம் வராதுங்களா தம்பி?" என்றார் திருமூர்த்தி.

சொன்ன நாளில் அதிகாரி தன் மீட்டர்களைப் பெட்டியில் கொண்டுவந்தார். நான்கு பம்புகளை ஏற்றிப் பார்த்தார். அவர் மீட்டரும் எங்கள் திரையும் சொன்ன எண்களுக்கு நடுவே இருந்த வித்தியாசம் அனுமதித்த அளவுக்குள் இருந்தது. தலையாட்டிவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். 'அளவு சரிசெய்தவர் பெயர். கல்வித் தகுதி. கையெழுத்து.'

கிருபாசங்கர் அதை என் பக்கம் நகர்த்தினார். "தம்பி, நீங்க ஒண்ணு போட்டுருங்க. பி.ஈ.ன்னு இருந்தா பாக்க நல்லா இருக்குமுங்க."

அக்கா துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கீபோர்டைத் துடைத்தார். அந்தக் காகிதத்தில் என் பெயர் ஏறினால் மேடை அவருடையது என்பதற்கு எந்த எழுத்தும் இருக்காது. அப்புறம் எந்த டிப்ளமா ஆளும் வந்து உட்காரலாம்.

"நான் இதைச் செய்யலீங்க," என்றேன். "எண்ணை அழிக்கச் சொன்னது நான். அன்னைக்கு உங்ககிட்டச் சொல்லாம உட்டுட்டேன். கண்டுபிடிச்சதெல்லாம் அக்காதானுங்க."

கிருபாசங்கர் என்னையே பார்த்தார். அதிகாரி அக்காவிடம் திரும்பி, "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

 அக்கா தொட்டியைக் காலி செய்து, பம்பை ஓட்டி, செய்தே காட்டினார். அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். முடிந்ததும் பேனாவை அக்காவிடம் கொடுத்தார்.

பெயரை எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு 'எட்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரியை வண்டி வரைக்கும் அனுப்பிவிட்டுத் திரும்பி வந்த கிருபாசங்கர் தாடையைச் சொறிந்தார். "அப்ப காயிலுக்கு வேற ஆள்தான் பாக்கோணும்."

"பாருங்க," என்றார் அக்கா. "வழிய உடுங்க சார், இன்னும் நாப்பது பம்பு கெடக்குது."

திருமூர்த்தி செயினை இழுத்து அடுத்த பம்பைத் தூக்கினார்.